சிக்கந்தர் அண்ணனின் இடது கிண்ணம்

கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்காகக் காத்திருந்தபோது பிலோமினாவின் போன் வந்தது. மட்டாஞ்சேரியில் சிக்கந்தர் ராவுத்தரின் மரப்பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற பிலோமினா. அவள் எப்போது கூப்பிட்டாலும் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு மேலே அவள் கத்துவாள், பதிலுக்கு நானும் கத்துவேன். அன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"சேச்சி, இக்கா போயி" என்றாள். இக்கா என்று அவள் சொல்வது சிக்கந்தர் அண்ணனை.

விடியற்காலைத் தொழுகைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். நூர்ஜகான் அண்ணியிடம் சாயா கேட்டிருக்கிறார். அண்ணி டம்ளரோடு வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்து நின்றபோது உயிர் போய்விட்டிருந்தது. நான் கன்டெய்னரை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்தேன். பாலம் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரிந்த நம் தெருக்காரர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். அவருடைய அத்தா மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளுக்குப் பெட்டி அடிக்க வந்தவர். மகன் அதே இடத்தில் பட்டறை போட்டு, காதில் மாட்டுகிற ஹெட்போனுக்கு மரக்கிண்ணம் கடைந்தார். நான் சரக்கு அனுப்பும் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அவருடைய பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்தவள், அவருடைய இங்கிலீஷுக்கு வாயாக இருந்தவள். அண்ணனின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிப்பதெல்லாம் மலையாளம். அதனால் இந்த அஞ்சலியைப் படிக்கிற யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

எங்கள் பழக்கம் ஒரு ஓட்டையில் ஆரம்பித்தது. முதல் தடவை அவர் சரக்கு அனுப்பியபோது அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்ப்பதற்குக் கிண்ணம் மாதிரி இருந்தது, மரக்கிண்ணம் என்று எழுதிவிட்டேன். சோதனை செய்த சுங்க அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடியில் ஓட்டை. அடியில் ஓட்டை உள்ள கிண்ணத்தில் எதைக் குடிப்பார்கள் என்று கேட்டார். நான் அண்ணனை வரவழைத்தேன். மடித்துக் கட்டிய முண்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். விசாரணை எதற்கும் காத்திராமல் பெட்டியிலிருந்து இரண்டு கிண்ணங்களை எடுத்து இரண்டு காதிலும் பொத்திக்கொண்டு, "சாரே, ஒரு செவிக்கு ஒண்ணு" என்றார். அதிகாரி சிரிக்கிற வரை கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அது கிண்ணம்தான்.

அந்த ஹெட்போன்களை நம் ஊரில் யாரும் வாங்கியதாக எனக்குத் தெரியாது. குளிர்நாடு ஒன்றில் ஒரு சின்ன கம்பெனி, பணமும் பொறுமையும் உள்ள ரசிகர்களுக்காக அதை விற்கிறது. கிண்ணம் மட்டாஞ்சேரியில், இடித்த வீடுகளின் பழைய பலா மரத்தில். காதில் படுகிற தோல் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து. உள்ளே பாடுகிற ஸ்பீக்கர் சீனாவிலிருந்து. எல்லாம் அந்தக் குளிர் ஊருக்குப் போய்ச் சேரும், அங்கே இரண்டு பேர் ஸ்க்ரூ முடுக்கிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியின் மேல் ஒரு படம்: ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே மேசையில் ஒரு உளி. கீழே, "எங்கள் சிறு பட்டறையில், கையால்" என்று எழுதியிருக்கும்.

முதன்முதலில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டாஞ்சேரி என்ற பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையாலன்னுதானே போட்டிருக்கான்? யார் கையின்னு போடலயே. பொய் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு பட்டறைக் கூரையைக் காட்டினார். "அவங்க பட்டறையில பனி பெய்யுது. நம்ம பட்டறையில மழை ஒழுகுது. படத்துக்கு எது நல்லாருக்கும், நீயே சொல்லு கோமதி."

மழை என்றதும் அந்த முதல் பெரிய ஆர்டர் நினைவுக்கு வருகிறது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் கடைந்து, கர்க்கடக மழையிலேயே அனுப்பிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் வீட்டுக்கு வீடு சூடு வைத்திருப்பார்களாம். கிண்ணங்கள் ஒன்று விடாமல் விரிசல் விட்டுவிட்டன. போட்டோக்கள் என் போனுக்கு வந்தன. அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம ஊர்ல குடிச்ச தண்ணிய அங்க போய்க் கக்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, முழுவதையும் மறுபடி செய்தார். அதற்குப் பிறகு பாதி கடைந்த கிண்ணங்களை அவற்றின் சொந்தச் சீவலோடு சாக்கில் கட்டி மாதக்கணக்கில் தூங்கப் போட்டார். நான் அவசரப்படுத்துவேன். "மரத்துக்கு அவசரம் கெடையாது. அவசரமெல்லாம் கூரியருக்குத்தான்" என்பார். இந்த வாக்கியத்தை நான் எத்தனை வாடிக்கையாளர்களிடம் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

கிண்ணத்தில் ஸ்பீக்கர் வைத்தால் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, மாதிரிக்கு ஒரு ஜோடி எப்போதும் பட்டறையில் பூட்டுவார். மற்ற ஊர்களில் இதற்கென்று பாட்டு வைத்திருப்பார்களாம், வயலின் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம் என்று. சிக்கந்தர் அண்ணன் வைத்திருந்தது நூர்ஜகான் அண்ணியின் வாய்ஸ் மெசேஜ். அண்ணி என்றோ அனுப்பியது. "ஏங்க, நெய்மீன் கெடைக்கலன்னா மத்தி போதும். கறிவேப்பில வாங்குங்க. போன தடவை மாதிரி கறிவேப்பில இல்லாம வந்து நிக்காதீங்க. சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது." இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டுத்தான் குளிர்நாட்டுக்குப் போகிற சரக்கை அவர் தீர்மானித்தார்.

ஒருநாள் என் காதிலும் மாட்டினார். "கறிவேப்பிலன்னு சொல்றப்ப அவ குரல் ஒரு ஏத்தம் ஏறும், கவனி. அது காதைக் குத்துச்சுன்னா கிண்ணம் செரியில்ல. குத்தாம, பயம் மட்டும் வந்துச்சுன்னா செரி" என்றார். எனக்கு இரண்டும் வந்தது. அண்ணிக்கு இந்த விஷயமே தெரியாது. தெரிந்தால் தொலைத்துவிடுவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

நம் ஹெட்போனைப் பார்த்துச் செய்த காப்பிகள் வர ஆரம்பித்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஆன்லைனில், நடைபாதையில், கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மொபைல் கடைகளில், பாதி விலைக்கும் கால் விலைக்கும் அதே மாதிரி ஹெட்போன்கள் தொங்கின. வேறு யாராக இருந்தாலும் வயிறெரிந்திருப்பார்கள். இவர் எங்கே பார்த்தாலும் ஒன்று வாங்கி வந்து, பட்டறைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டினார். பிளாஸ்டிக்கில் மர ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று, அதற்குப் பெயர் நோஞ்சான். கிண்ணம் மட்டும் பெரிதாக வைத்தது தொப்பை. விருந்தாளி வந்தால் சொந்தச் சரக்கைக் காட்டுவதற்கு முன் அந்தச் சுவரைத்தான் காட்டுவார். ஏதாவது ஒன்றில் தலைப்பட்டை இலேசாக இருந்தால், "பய நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்று வாய்விட்டுப் பாராட்டுவார். அதில் ஒரு கர்வமும் இருந்தது. எத்தனை காப்பி வந்தாலும் தன் கிண்ணத்தைத் தன் கை கண்டுபிடிக்கும் என்பார். கண்ணைக் கட்டினாலும் சொல்வேன் என்பார். இதை அவர் சொல்லக் கேட்காதவர்கள் நம் தெருவில் இருக்க மாட்டார்கள்.

அந்த வரிசையின் கடைசியில் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெயரும் வைக்கவில்லை. பலா மரம், நம் கிண்ணத்தின் அதே வளைவு. உள்ளே இருந்த ஸ்பீக்கர்தான் மட்டம். கலூரில் வாங்கியதாகச் சொன்னார்.

சில மாதம் கழித்து அதே சாமானைக் கையில் வைத்துக்கொண்டு குளிர்நாட்டுக் கம்பெனிக்காரர் நேரில் வந்து இறங்கினார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. முதல் தடவை வந்தபோது பட்டறைக்கு வெள்ளையடித்து, நெய்ச்சோறு ஆக்கி, மறுவீட்டுக்கு வந்தவரைப் போல உபசரித்ததால் நான் வைத்த பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தத் தடவை நெய்ச்சோற்றைத் தொடவில்லை. இது உங்கள் பட்டறையிலிருந்துதான் வெளியே போகிறது என்றார். இல்லையென்றால் யார் செய்வது என்று சொல்லுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் அடுத்த ஆர்டர் கிடையாது.

யோசித்துச் சொல்வதாக ஒரு நாள் தவணை வாங்கினோம். அன்று சாயங்காலம் படகுத்துறையில் அண்ணன் என்னிடம் விஷயத்தை உடைத்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியும், கோமதி. பள்ளுருத்தியில இருக்கா. நம்ம பிலோமினா."

பிலோமினா அதற்கு முன்பும் சில வருஷம் அவரிடம் தேய்க்கிற வேலையில் இருந்தாள். அவர் கடைந்து கொடுப்பார், அவள் தேய்த்து எண்ணெய் பூசுவாள். பட்டறையில் ரேடியோ வைத்தாள். அண்ணன் கூடாது என்றார். கடைகிறபோது மரத்தில் விரிசல் இருந்தால் சத்தத்தில்தான் தெரியும், பாட்டு அதை மறைத்துவிடும் என்பது அவர் கட்சி. ரேடியோ இல்லாமல் எனக்குக் கை ஓடாது என்பது அவள் கட்சி. ஒருநாள் அவர் வயரைப் பிடுங்கிவிட்டார். அவள் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவள்தான். காதுக்குச் சாமான் செய்கிற பட்டறையில் காதுக்குத் தடை போட்ட மனிதர் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அவள் புருஷன் சேவியர் வீட்டில் கடைசல் மெஷின் வைத்துக் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவர். இரும்புக் கட்டில் வந்தபின் அந்த வேலை படுத்துவிட்டது. அப்போதுதான் இந்தக் கிண்ணம்.

"சொன்னா அவ வீட்டுக்குப் போலீஸ் போவும். சொல்லலன்னா நம்ம ஆளுங்க ஏழெட்டுப் பேரு நாளைக்கு எங்க போவாங்க?" என்றார். படகு வந்து ஆட்களை இறக்கிவிட்டு மறுபடியும் போனது. அன்று அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பட்டறையில் மாப்பிள்ளை இரண்டு கிண்ணங்களை மேசையில் வைத்தார். ஒன்று எங்கள் கடைசிச் சரக்கிலிருந்து எடுத்தது, மற்றது காப்பியிலிருந்து கழற்றியது. அடியில் சின்னதாக அடையாளச் சீட்டு ஒட்டியிருந்தார். இரண்டும் ஒரே அச்சு, உங்களுக்கே வித்தியாசம் தெரியாது, அதனால் இது உங்கள் பட்டறைதான் என்றார். வித்தியாசம் தெரியாது என்று சொன்னதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"குடுக்கச் சொல்லு. எது என்னுதுன்னு நான் சொல்றேன். வேற கைன்னு அவருக்கு அப்ப வெளங்கும்."

இரண்டையும் கையில் வாங்கினார். கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி வந்தார். உள்பக்கம் தடவினார், மறுபடியும் விளிம்பு. அதிகம் யோசிக்கவில்லை. ஒன்றை உயர்த்திக் காட்டி, "இதுதான் நம்ம சரக்கு. விளிம்பு பாரு, வெண்ணெய் மாதிரி" என்றார். மற்றதை மேசையில் நகர்த்தி, "இது எவனோ அவசரத்துல தேச்சிருக்கான். போட்டா தோலையும் மீறிக் காது உறுத்தும்" என்றார்.

துண்டை அவிழ்த்து, சீட்டைப் பார்த்தார். கையில் இருந்தது காப்பி. அவசரத்தில் தேய்த்ததாகத் திட்டி நகர்த்தியது அவர் பட்டறைச் சாமான்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அண்ணன் என்ன சொன்னார் என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆர்டரும் அந்த ஏழெட்டுப் பேரும்தான் கண்முன்னால் நின்றார்கள். அண்ணன் இரண்டின் குணத்தையும் அலசிச் சொன்னார் என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்துக் கொஞ்சம் பூசி மெழுகப் பார்த்தேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் என் குரல் போகிற போக்கு தெரியும்.

"மெழுகாத, கோமதி. நேராச் சொல்லு. நான் தப்பாத் தொட்டுட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசியதையும் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னேன். "இந்த விளிம்பு எனக்குப் பழக்கமான விளிம்பு. முதமுதல்ல நீங்க பாத்துப் பிடிச்சுப்போன சாம்பிள் இதே விளிம்புதான். அதை நான் கடைஞ்சேன், தேச்சது வேற கை. இத்தனை நாளும் அதை என் கைன்னே நெனச்சுட்டிருந்தேன். அந்தக் கை இப்ப என்கிட்ட இல்ல."

மாப்பிள்ளை இரண்டையும் எடுத்துத் தானும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கொஞ்ச காலமாகக் காது உறுத்துகிறது என்று புகார் வருகிறது. பஞ்சை மாற்றினோம், தோலை மாற்றினோம், காரணம் பிடிபடவில்லை. அந்தக் கை யாருடையது?

"சொல்றேன். போலீஸ் கூடாதுன்னு மொதல்ல வாக்கு வேணும்."

முதலில் ஆளைப் பார்க்கிறேன், பிறகு முடிவு செய்கிறேன் என்றார் மாப்பிள்ளை. "அப்ப நானும் பேரைப் பிறகு சொல்றேன்" என்று அண்ணன் சீவல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சாயா வந்தது, ஆறியது. இன்னொரு சாயா வந்தது. ஆர்டர் போனால் போகட்டும் என்கிற முடிவுக்கு அவர் வந்துவிட்டார் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் இறங்கி வந்தவர் மாப்பிள்ளைதான். இரண்டாவது சாயாவைக் குடித்துவிட்டு, சரி, போலீஸ் இல்லை என்றார்.

ஆட்டோவில் பள்ளுருத்தி போனோம். சந்து முனையிலேயே ரேடியோ கேட்டது. பிலோமினா வாசலில் கிண்ணத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனையும் பின்னால் வெள்ளைக்காரரையும் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினாள். கிண்ணத்தைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தாள், ஆனால் ரேடியோவை நிறுத்தவில்லை. அண்ணன் படியிலேயே உட்கார்ந்தார்.

"பிலோமினா, இந்த விளிம்பு எப்படித் தேய்க்கிற? நான் போட்ட ஆளுங்களுக்கு வரல."

"பாட்டு வெச்சிட்டு, இக்கா" என்றாள். "ஒரு பாட்டு தீர்ற வரெ ஒரு பேப்பர். அடுத்த பாட்டுக்கு அடுத்த பேப்பர். நடுவுல விளம்பரம் வரும்போள் துணி வெச்சுத் தொடைக்கும். அஞ்சாறு பாட்டு ஆனா விளிம்பு செரியாவும். பாட்டு இல்லெங்கில் எனக்கு எப்ப நிறுத்தணும்னு அறியில்ல."

அண்ணன் தலையைச் சொறிந்தார். அவர் அன்று பிடுங்கியது ரேடியோ வயர் என்றே நினைத்திருந்தார். அவளுடைய அளவுகோலையே பிடுங்கியிருக்கிறார் என்பது அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. "அதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"இக்கா சோதிச்சில்லல்லோ" என்றாள். நீங்கள் கேட்கவில்லையே என்று அர்த்தம். அண்ணன் தலையாட்டினார். "ஆமா, கேக்கல" என்றார்.

மாப்பிள்ளைக்கு நான் விஷயத்தை விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, இவ்வளவுதானே, தேய்க்கும்போது நம் ஹெட்போனில் ஒன்றை இவர் மாட்டிக்கொள்ளலாமே, கடைகிறவருக்கும் தொந்தரவில்லை என்றார். இத்தனை வருஷம் ஹெட்போன் செய்த எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. பிலோமினா மட்டும் உடனே மறுத்தாள். "ஐயோ, வேண்டா. அது வெச்சா செவி வியர்க்கும்." நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்ய யாராலும் முடியாது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார், அவரைப் பார்த்து சேவியர், கடைசியில் ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளையும்.

அடுத்த வாரம் பட்டறையின் நடுவில் ஒரு பழைய கதவை நிறுத்தித் தடுப்பு வைத்தார்கள். இந்தப் பக்கம் அண்ணனும் கடைசலும் அமைதியும், அந்தப் பக்கம் பிலோமினாவும் ரேடியோவும். மலிவு ஹெட்போனை அவள் விடவில்லை. அதற்கு வேறு வடிவம் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால் கொஞ்சம் தட்டையாகக் கடைந்தார் சேவியர். ஒரு மாதத்தில் அண்ணன் அதையும் ஒன்று வாங்கி ஆணியில் மாட்டினார். இன்னும் கொஞ்ச நாளில் குளிர்நாட்டுக்குப் போகிற கிண்ணமும் தட்டையாகிவிட்டது. கேட்டால், "நல்லாருந்துச்சு, காப்பி அடிச்சுட்டேன்" என்றார். இப்போது எது எதனுடைய காப்பி என்று மாப்பிள்ளைக்கே தெரியாது.

மேசையில் வைத்த அந்த இரண்டு கிண்ணங்களும் ஜோடி பிரிந்து அனாதையாகக் கிடந்தன. அண்ணன் அவை இரண்டையும் ஒரே பட்டையில் கோத்து, ஸ்பீக்கர் வைத்து ஒரு ஹெட்போனாக்கி என்னிடம் கொடுத்தார். "வலது பிலோமினாவுது. இடது நம்ம பட்டறை. இடது உறுத்தும். தேச்சுச் செரியாக்கிக் குடுத்துடலாம், வேண்டாம். உறுத்துனாத்தான் ஞாபகம் இருக்கும்" என்றார். யாருக்கு ஞாபகம் இருக்க என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் போன நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து நூர்ஜகான் அண்ணி பட்டறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. சுவரில் இருந்த காப்பி வரிசையைப் பார்த்தார், சீவல் மூட்டைகளைப் பார்த்தார். "இதுல என்னதான் கேட்டுட்டு இருப்பாரு?" என்றார். பிலோமினா என்னைப் பார்த்தாள். சத்தியம் வாங்கியவர் போய்விட்டார். நான் பையிலிருந்து என்னுடைய ஹெட்போனை எடுத்து அண்ணியின் முக்காட்டுக்கு மேலேயே மாட்டி, பட்டறையில் இருந்த அண்ணனின் போனிலிருந்து அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டேன்.

அண்ணி அசையாமல் கேட்டார். முடிந்ததும், "இது நானா?" என்றார். "இன்னொருக்க போடு."

மறுபடியும் போட்டேன். மத்தி, கறிவேப்பிலை, சோறு ஆறுது, சீக்கிரம் வாங்க.

"அன்னைக்கும் கறிவேப்பில வாங்கிட்டு வரல" என்றார் அண்ணி. பிறகு, "இந்தப் பக்கம் ஏன் குத்துது?" என்று இடது காதைத் தொட்டார்.

"அது அண்ணன் செஞ்சது" என்றேன்.

அண்ணி அந்தக் கிண்ணத்தை உள்ளங்கையால் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். கழற்றியபோது முந்தானையால் காதைத் துடைத்தார், அதோடு முகத்தையும் துடைத்தார். "வேர்க்கத்தான் செய்யுது" என்றார். அதை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு எதுக்கு என் சத்தம்? நீ வெச்சுக்க." தடுப்புக்கு அந்தப் பக்கம் பிலோமினா நாற்பது நாளுக்குப் பிறகு ரேடியோவைத் திருகினாள்.

ஆகவே அந்த ஹெட்போன் என்னிடம்தான் இருக்கிறது. அதோடு ஒரு வார்த்தையும். இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது ரேடியோ வயரையும் கர்வத்தையும் விட்டுவிட்டு, நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். மெழுகாத, கோமதி என்றது அவர் குரல். அதனால்தான் எல்லாவற்றையும் நேராகச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிற நேரம் முழுவதும் அந்த ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தேன். பாட்டு எதுவும் போடவில்லை. வலது பக்கம் இருப்பதே தெரியவில்லை, இடது பக்கம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.